ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா

பி.காம். படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்குடா என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்த மறுநாளே அறிவியல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டவன் நான். ஆனால் பாருங்கள், போன பங்குனியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி செத்துப்போனது. கொன்றது நான். ஆயுதம், வாரத்துக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா.

ஒரு செடி செத்ததற்கு இவ்வளவு பில்டப்பா என்று கேட்பீர்கள். அது சாதாரணச் செடி இல்லை. அம்மிச்சி (அம்மாவின் அம்மா, கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்) தோட்டத்தை விட்டுவிட்டு எங்களோடு கோயமுத்தூருக்கு வந்தபோது, அங்கிருந்து வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்த கன்று அது. தோட்டம் ஏன் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் கதைக்கும் இந்த சோடாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

தை மாதம் அம்மிச்சி காங்கேயத்தில் மாமா வீட்டுக்குப் போனார். போகும்போது செடிப் பொறுப்பு என்னிடம். "வாரத்துல ஒரு நாள் புளிச்ச மோரத் தண்ணியாக் கரைச்சு ஊத்து சாமி, உப்புப் போடாத மோரு" என்பது உத்தரவு. நாம்தான் அறிவாளி ஆயிற்றே! புதுக் கொழுந்து கொஞ்சம் மஞ்சளாக வந்ததும் வாட்ஸப்பில் வந்த ஒரு ரகசியத்தைக் கையில் எடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா, வாரம் ஒரு முறை வேரில் ஊற்றினால் செடி செழிக்குமாம், பூச்சி வராதாம், மண் "சுத்தமாகுமாம்". ஆறு வாரம் ஊற்றினேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் கொழுந்து எல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் எலுமிச்சை மஞ்சள். அப்புறம் இலை ஓரம் கருகியது. தொட்டியின் மேல் மண் சிமெண்ட் பூசினமாதிரி இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் குளமாக நின்றது.

வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பள்ளித் தோழன் ஒருவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் போன் பண்ணி முதலில் ஐந்து நிமிடம் சிரித்தான். அப்புறம் சொன்னான்: "டேய், நீ செடிக்குத் தண்ணி ஊத்தலடா. தொட்டிக்குள்ள ஒரு களர் நிலம் தயார் பண்ணியிருக்கே."

அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு இது. நான் புரிந்துகொண்ட அளவில், எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றுதான். வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். தண்ணீரில் போட்டால் இரண்டு பார்ட்னர்களும் பிரிந்துவிடுகிறார்கள். ஒருவர் சோடியம், இன்னொருவர் பைகார்பனேட். இந்த பைகார்பனேட் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற ஆசாமி. புளிப்பைக் கண்டால் அதைத் தணித்துவிட்டுக் கரியமில வாயுவாக மேலே போய்விடுவார். புளித்த ஆப்ப மாவு பொங்குவது அதனால்தான். புளிப்பு இல்லாத வெறும் தண்ணீரில் இருந்தால் லேசான காரத்தன்மை. பி.எச். அளவு 8.3 பக்கம். ஒரு ஸ்பூன் போட்டாலும் நாலு ஸ்பூன் போட்டாலும் பி.எச். பெரிதாக ஏறாது. "மைல்டுதான், ஒன்றும் செய்யாது" என்று ஊரே நம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதையே கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறி, மிஞ்சுவது சோடியம் கார்பனேட். அதாவது துணி துவைக்கிற சலவை சோடா. அதன் பி.எச். 11 பக்கம் போகும். மொட்டை மாடித் தொட்டியில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லைதான். ஆனால் மாசி வெயில் அதே வேலையை மெதுவாகச் செய்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, கரியமில வாயு போகிறது, கார்பனேட் கூடுகிறது.

இப்போது சமையலறைக்கு ஒரு நிமிடம் வாருங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி (சிறுவாணியோ பில்லூரோ, அதிர்ஷ்டத்தைப் பொறுத்து), இன்னொன்று போர்வெல்லில் இருந்து வரும் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் கொண்டைக்கடலை வேகாது. ஏன்? அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் கடலைத் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உடனே அம்மா என்ன செய்வார்? ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சோடா அந்தக் கால்சியத்தைச் சுண்ணாம்பாக அடியில் படிய வைத்துவிடுகிறது. பிடித்துக்கொண்டிருந்த கை விலகியதும் கடலை குழைந்துவிடுகிறது.

இதே விஷயம் தொட்டியில் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. மண்ணில் களித்துகள்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்து நிற்பதற்குக் காரணமும் பெரும்பாலும் கால்சியம்தான். அந்த உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் தண்ணீரும் காற்றும் போகும், வேரும் போகும். சோடா வந்து கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கி ஓரம் கட்டிவிட்டால், காலியான இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்கிறது. சோடியத்துக்குப் பிடித்து வைக்கும் பலம் இல்லை. உருண்டைகள் கலைந்து மாவாகி, துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடும். கடலையைக் குழைய வைத்த அதே சோடா மண்ணையும் குழைய வைத்துவிட்டது. கடலைக்கு அது நல்லது. மண்ணுக்கு அது சாவு.

இது முதல் அடி. இரண்டாவது அடி, மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். வேரால் எடுக்க முடியாது. பேங்கில் பணம் இருக்கிறது, ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆகிவிட்டது என்பது மாதிரி. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது இந்த இரும்புப் பஞ்சத்தின் அடையாளம். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான். அப்படிப்பட்ட பூமியில் பல இடங்களில் மண் ஏற்கெனவே காரம். அதனால்தான் அம்மிச்சி புளித்த மோர் ஊற்றினார். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஆறுதல். மோர் பெரிய உரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது சரியான திசையில் ஒரு சின்ன அடி. நான் நேர் எதிர்த் திசையில் ஆறு வாரம் நடந்திருக்கிறேன்.

மூன்றாவது அடி, உப்பு அதிகமான தண்ணீரில் இருந்து வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். தொட்டியில் ஈரம் இருக்கும், செடி தாகத்தில் வாடும்.

இனி கணக்கு. (இங்கேதான் நம்ம டிபார்ட்மெண்ட் வருகிறது.) பாசனத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க மண்ணியல்காரர்கள் ஒரு கணக்கு போடுகிறார்கள். பெயர் "எஞ்சிய சோடியம் கார்பனேட்". தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டு. அதிலிருந்து கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் கழி. மீதி என்ன? பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அப்படியே ஒரு பேலன்ஸ்! மீதி லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 2.5-க்கு மேல் போனால் பாசனத்துக்கு ஆகாது.

நான் ஊற்றிய தண்ணீருக்குக் கணக்கு போட்டோம். ஒரு ஸ்பூன் சோடா சுமார் 5 கிராம். ஒரு லிட்டரில் அது கொடுக்கும் பைகார்பனேட் ஏறத்தாழ 60 மில்லி ஈக்விவலன்ட். எங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து தாராளமாக 10 இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மீதி 50. போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் பைகார்பனேட்டை இதில் சேர்க்கவே இல்லை. வரம்பு 2.5, நான் ஊற்றியது 50. இருபது மடங்கு! ஒரு விவசாயியின் கிணற்றில் இப்படித் தண்ணீர் வந்தால் கிணற்றையே மூடிவிடுவார். நான் அதை ஸ்பூன் போட்டுக் கலக்கித் தயாரித்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆப்ப சோடாவின் எடையில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். ஆறு ஸ்பூன் 30 கிராம் என்றால், 8 கிராம் சோடியம் அந்தத் தொட்டிக்குள் போயிருக்கிறது. எட்டு கிராம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். தொட்டியின் அடித்துளை அடைபட்டுப் போய், தண்ணீர் வெளியேற வழி இல்லாத பதினைந்து கிலோ மண்ணுக்கு அது விஷயம்தான். சோடியம் ஆவியாகாது. மக்காது. செடிக்குப் பெரிதாகத் தேவையும் இல்லை. யாராவது கழுவி வெளியேற்றும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சரி, இந்த வாட்ஸப் ரகசியம் முழுப் பொய்யா? அப்படியும் இல்லை. அரை உண்மைதான் எப்போதும் ஆபத்து. பள்ளியில் ஹைட்ரில்லா செடியைப் புனலுக்குள் வைத்துக் குமிழி எண்ணும் சோதனை ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்ப சோடா போட்டால் குமிழி அதிகமாக வரும். ஏனென்றால் ஹைட்ரில்லா தண்ணீருக்குள்ளேயே வாழும் செடி. தனக்கு வேண்டிய கார்பனைத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டில் இருந்தும் எடுத்துக்கொள்ளும். கறிவேப்பிலை தன் கரியமில வாயுவை இலைத்துளை வழியாகக் காற்றில் இருந்து எடுக்கிறது. அதன் வேரில் சோடா ஊற்றுவது, மூக்கால் மூச்சு விடுகிறவனுக்குக் காலில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுகிற கதை.

இலையில் தெளிப்பது வேறு விஷயம். ரோஜா, வெள்ளரி, திராட்சை இலைகளில் விபூதி பூசினமாதிரி வரும் சாம்பல் நோய்க்கு மிகக் குறைந்த அளவில் சோடாக் கரைசல் தெளித்தால் ஓரளவு பயன் உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோஜாச் செடிகளில் எண்ணெயோடு சேர்த்துத் தெளித்து சோதித்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் தொழில்முறையாகச் செய்கிறவர்கள் பின்னால் பொட்டாசியம் பைகார்பனேட்டுக்குப் போனார்கள். காரணம், கீழே சொட்டினாலும் பொட்டாசியம் செடிக்குச் சத்து. சோடியம் அப்படி இல்லை. "தென்னைக்கு உப்பு போடுகிறோமே" என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். உண்மைதான். தென்னைக்குக் குளோரைடு வேண்டும், உப்பைத் தாங்கும் சக்தியும் அதற்கு உண்டு. ஆனால் சாப்பாட்டு உப்பில் பைகார்பனேட் கிடையாது. தென்னை தாங்குகிறது என்பதற்காகக் கறிவேப்பிலையும் தாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

இதெல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியாத சமாச்சாரமும் இல்லை. களர், உவர் என்று தனித்தனியாகப் பெயரே வைத்திருந்தார்கள். வள்ளுவர் படிக்காதவர்களைக் களர்நிலத்தோடு ஒப்பிடுகிறார், இருந்தும் விளைச்சல் இல்லை என்று. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணை எடுத்துவந்து துணி வெளுத்தார்கள். அந்த மண்ணில் இருந்ததும் இயற்கையான சலவை சோடாதான். எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்தப் பயன்பட்ட நாட்ரான் என்ற உப்பும் சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் கலந்ததுதான். துணி வெளுக்கவும் பிணத்தை உலர்த்தவும் ஆகிற பொருளைச் செடி வேரில் ஊற்றினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இனி, அம்மிச்சியின் தோட்டக் கதை.

அந்தத் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு ஊரில் இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் அந்த அணையைக் கட்டி முடித்தார்கள். அதே வருடங்களில்தான் திருப்பூர் பனியன் உலகமெங்கும் போக ஆரம்பித்தது. பனியனுக்குச் சாயம் வேண்டும். பருத்தியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தண்ணீரில் நிறைய உப்பு வேண்டும், சாப்பாட்டு உப்போ கிளாபர் உப்போ. ஏறிய சாயம் பிடித்து நிற்க சோடா ஆஷ் வேண்டும். சோடா ஆஷ் வேறு யாரும் இல்லை, நம் ஆப்ப சோடாவின் அண்ணன் சோடியம் கார்பனேட்தான். இந்த மூன்று உப்பிலும் பொதுவாக இருப்பவர் சோடியம். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். சோடியத்தை எடுத்துக்கொள்ளாது. அது அத்தனையும் கழிவு நீரோடு ஆற்றுக்கு.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் ஆரம்பத்தில் கட்டியவை நிறத்தைக் குறைத்தன, கரைந்த உப்பைக் குறைக்கவில்லை. தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் உப்பு அப்படியே இருந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடிய ஒரு அணை உலகத்தில் வேறெங்கு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்பார் அம்மிச்சி. மஞ்சளும் வாழையும் போட்ட மண்ணில் கடைசியில் சோளத்தட்டு கூடச் சரியாக வரவில்லையாம். அப்பிச்சி மாட்டை விற்றார், அப்புறம் நிலத்தை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்ற நிலை வந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகள்தான் பொறுப்பு, சுத்தம் செய்வதற்கும் நஷ்டத்துக்கும் அவர்களே கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அப்படியும் சரியாகாமல் 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரில் 700-க்கும் அதிகமான சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்புதானே என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் அப்பா அப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இப்போதும் அதே வேலைதான். நான் அன்றைக்கு ஒன்றாம் வகுப்பு. அப்பா பல மாதம் வீட்டில் இருந்தது எனக்கு ஜாலியாக இருந்தது மட்டும் ஞாபகம். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது பின்னால்தான் தெரிந்தது. ஆக, அம்மா வீட்டு நிலத்தை உப்பாக்கிய தொழில்தான் என் காலேஜ் பீஸையும் கட்டுகிறது. யாரைத் திட்டுவது? ஒரு கல்யாண வீட்டில் அப்பிச்சியும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசி என்ன செய்வது?

அதனால் சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாம் வில்லன், விவசாயி எல்லாம் தெய்வம் என்று எழுத எனக்கு வரவில்லை. நான் சொல்ல வருவது ஒரு கணக்குப் பிழையைப் பற்றி. அப்பா பேரேட்டில் உப்பு வாங்கிய செலவு எழுதுவார். சோடா ஆஷ் வாங்கிய செலவு எழுதுவார். மெஷினுக்குத் தேய்மானம் எழுதுவார். வாங்கிய உப்பு எங்கே போனது என்று எழுதுவதற்கு அந்தப் பேரேட்டில் ஒரு பக்கமே கிடையாது. அது செலவாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அது செலவாகவில்லை. எங்கள் தோட்டத்தில் போய் இருப்பில் உட்கார்ந்துவிட்டது. ஆற்றங்கரை மண்ணுக்கு யாரும் தேய்மானம் எழுதவில்லை. நாம் மூன்று வருடம் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறோம், சுற்றுச்சூழல் பாடத்தை ஒரு செமஸ்டரில் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். கழிவு நீரை ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இது சாதாரண சாதனை இல்லை. இதற்கு ஆகும் செலவு அப்பாவின் பேரேட்டில் இப்போது தனிப் பக்கமாகவே இருக்கிறது. அப்படியும், திரும்பப் பயன்படுத்த முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆற்றில் போகாமல் மூட்டையில் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் சோடியம் எங்கேயும் மறையாது என்பதற்கு அந்த மூட்டைகளே சாட்சி.

மழை கொட்டுகிற ஊர் என்றால் உப்பு கழுவிக்கொண்டு போகும். நமக்கு மலை மறைப்பு. கோயமுத்தூரில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. வெயில் அதைவிடப் பல மடங்கு தண்ணீரை மேலே இழுக்கிறது. வந்த உப்பு போகாது. கொங்கு மண்ணில் சோடியத்தைக் கொட்டுவது, வசூலாகாது என்று தெரிந்தே கடன் கொடுக்கிற மாதிரி.

மாடியில் செடி வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, வேரில் சோடா ஊற்றாதீர்கள். எந்த அளவிலும் வேண்டாம். அதனால் மண்ணுக்குக் கிடைக்கும் லாபம் பூஜ்ஜியம்.

இரண்டு, வாட்டர் சாஃப்ட்னர் வைத்த அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். அந்த மெஷின் தண்ணீரில் உள்ள கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. துணிக்கு நல்லது, செடிக்கு ஆகாது. மெஷினுக்கு முன்னால் வரும் போர் தண்ணீரே தேவலை.

மூன்று, ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் தொட்டியின் அடித்துளையைத் திறந்து, மண்ணை மாற்றிவிடுங்கள். தொட்டிக்கு அதுதான் சுலபம்.

வயலுக்கு மண்ணை மாற்ற முடியாது. அதற்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது என்று வழி இருக்கிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை எழுப்பிவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்காரும். எழுந்த சோடியம் தண்ணீரோடு வெளியேற வடிகால் வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். திருச்சியில் உள்ள வேளாண் கல்லூரி களர் நிலத்திலேயே அமைந்து, அதைத் தாங்கும் நெல் ரகங்களையும் கொடுத்திருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் பணமும் காலமும் நல்ல தண்ணீரும் வேண்டும். கெடுப்பதற்கு ஆறு வாரம் போதும்.

நானும் ஜிப்சம் வாங்கிப் போட்டு, நல்ல தண்ணி விட்டுக் கழுவிப் பார்த்தேன். வேர் அழுகியிருந்தது. பிழைக்கவில்லை.

அம்மிச்சி பங்குனிக் கடைசியில் திரும்பி வந்தார். மாடிக்கு ஏறியவர் செடியைப் பார்க்கவில்லை. குனிந்து தொட்டி மண்ணைக் கிள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தார். "என்னத்த ஊத்துன சாமி? நம்ம தோட்டத்து மண்ணாட்டவே இறுகிக் கெடக்குது" என்றார். நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எந்த லேப் ரிப்போர்ட்டும் இல்லாமல் இருபது வருடம் கழித்தும் அவர் விரலுக்கு அந்த மண் ஞாபகம் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தண்ணி ஊத்தாம உட்டா அன்னைக்கே வாடிப்போயிரும், தெரிஞ்சுக்கலாம். உப்பு அப்புடியில்ல சாமி. தெரியறப்போ வெள்ளாம முடிஞ்சு போயிருக்கும்."

என் கருத்தும் அதுதான். பளிச்சென்று பலன் தெரிகிற எதையும் மண்ணில் ஊற்றும் முன்னால், ஸ்பூனாக இருந்தாலும் சரி, லாரியாக இருந்தாலும் சரி, இதில் எது இங்கேயே தங்கப்போகிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பதில் தெரியவில்லை என்றால் ஊற்றாமல் இருக்கலாம்.

டிஸ்கி: காங்கேயம் மாமா வீட்டில் இருந்து வேறு கன்று வந்திருக்கிறது. பக்கத்தில் போக எனக்குத் தடை. மோர் அம்மிச்சியே ஊற்றுகிறார். ஆப்பத்துக்கு சோடா தாராளமாகப் போடலாம் என்று உத்தரவு.